அச்சமும் மாணாக்கர் நலமும்



அச்சம் உயிர்கட்கெல்லாம் இயல்பாயுள்ளதொன்று. அஃது உயிரைக் காக்குங் காவலுமாம். உயிரை உருக்கும் நோயுமாம். ஒன்றே இரண்டாதல் யாங்ஙனமெனின், வந்து நீங்கும் அச்சம் காவல். வந்து குடியிருக்கும் அச்சம் நோய். இவ்வேறுபாட்டை அறிதல் யாவர்க்கும் நன்றேயாயினும், இளஞ்சிறாரை நாடோறும் பலமணிநேரம் தம்பால் வைத்திருக்கும் ஆசிரியர்க்கு இன்றியமையாததாம். ஆதலின், நமது கிழக்குக் கரையோரத்தில் நிகழ்ந்தவற்றைக் கொண்டு அதனை ஈண்டு ஆராய்வாம்.

தொல்காப்பியனார் மெய்ப்பாடு எட்டனுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்தார். உள்ளத்து நிகழ்வது உடம்பின்கட் புலப்படுதலின் மெய்ப்பாடு எனப் பெயர்பெற்றது. காரைதீவில் 1892 ஆம் ஆண்டு பிறந்தருளிய சுவாமி விபுலாநந்தர், 1926 இல் வெளிவந்த தமது மதங்க சூளாமணியில் இம்மெய்ப்பாடுகளை நாடகத்தோடு பொருத்தி ஆராய்ந்துள்ளமை நீங்கள் அறிந்ததே. அச்சம் பிறக்கும் இடம் நான்கென்பது தொல்காப்பியம்: தெய்வமும் பேயும் முதலாய அணங்கு, கொடிய விலங்கு, கள்வர், தம்மையாளும் இறை என்பன அவை. இறை என்பதற்கு உரைகண்டோர் அரசரை மாத்திரங் கூறாது, தந்தையரையும் ஆசிரியரையும் உடன்சேர்த்தனர். பேயும் புலியும் கள்வரும் நின்ற வரிசையில் நாமும் நிற்கின்றோம் என்பதை மறவாது மேற்செல்வோமாக.

இனி, அஞ்சியவழி உடம்பின்கண் நிகழ்வது யாதெனக் காண்பாம். அமெரிக்க உடற்றொழிலியல் அறிஞராகிய வால்ற்றர் கனன் என்பார், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், உணவுண்ட பூனையின் இரைப்பையை எக்ஸ் கதிரின் துணையால் நோக்கினார். பூனை அமைதியாயிருந்தவரை இரைப்பை அசைந்து உணவைச் சமிக்கச் செய்தது; அது கலக்கமுற்றவுடன் அவ்வசைவு நின்றது. இவ்வாராய்ச்சியை விரித்து அவர் 1915 இல் ஒரு நூல் வெளியிட்டார். அச்சம் தோன்றுங்கால் அதிரினலின் என்னுஞ் சுரப்பு குருதியிற் கலக்கின்றது. இதயத் துடிப்பு விரைகின்றது, குருதி கைகால்களின் தசைகளுக்குப் பாய்கின்றது, சமிபாடு ஒடுங்குகின்றது. பாம்பைக் கண்டு விலகிப் பாய்வோனுக்கு இஃது உற்ற துணையேயாம்.

ஆயின், பாம்பு போனபின்னும் அந்நிலை போகாதிருப்பின் யாதாம்? நம் மாவட்டத்து வேளாளர், யானை வராமற் காக்கப் பரண்மீது இரவில் விழித்திருப்பர். ஓரிரவு விழித்திருப்பவன் விளைவைக் காக்கின்றான். ஆண்டு முழுதும் உறங்காதவன் தன்னையே இழக்கின்றான். நீடித்த அச்சமும் இத்தகையதே. உறக்கங் கெடும், பசி குன்றும், நோயொன்றுங் காணப்படாத வயிற்றுவலியும் தலைவலியும் தொடரும். கோட்டிசோல் என்னும் மற்றொரு சுரப்பு நெடுநாள் மிகுந்து நிற்பின், நினைவாற்றலும் நோயை எதிர்க்கும் வலியும் தளரும். இடையறாது ஆபத்தையே நோக்கி நிற்கும் உள்ளம் கணக்கையும் இலக்கணத்தையும் நோக்குதல் அரிது.

இதற்கு நம் கரையிற் கண்ட சான்று பெரிது. 2004 டிசெம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை பூரணை நாட்காலையில், சுமாத்திராவை அடுத்த கடலடியிற் பூமியதிர்ச்சி உண்டாயிற்று. அதனால் எழுந்த ஆழிப்பேரலை ஏறக்குறைய இரண்டு மணிநேரத்தில் இக்கரையை அடைந்தது. இலங்கையில் 30,000 இற்கு மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டங்களுள் மிகப் பலரை இழந்தது அம்பாறையே. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் ஊர்களை அலை வேற்றுமை பாராது வாரிற்று. கடல் தன் எல்லைக்கு மீண்டது. அச்சமோ பலர் மனையினின்று மீளவில்லை. தாலாட்டாயிருந்த அலையோசையே சிறார்க்கு உறக்கத்தைக் கெடுப்பதாயிற்று. பேரலை அடித்த சில வாரங்களில், இந்நாட்டின் வேறு மூன்று கரையோர இடங்களில் ஆராய்ந்தோர், ஆராயப்பட்ட சிறாருள் இடத்துக்கேற்ப 14 முதல் 39 வீதத்தினரிடம் கடிய மனவடுவின் குறிகளைக் கண்டனர்.

2012 ஏப்பிரல் 11 பிற்பகலிற் சுமாத்திராக் கடலில் மீண்டும் பெரிய அதிர்ச்சி நேர, எச்சரிக்கை விடுக்கப்பட்டது. கரையோர மக்கள் உள்நோக்கி விரைந்தனர். அழிவு செய்யும் அலை வந்திலது. அன்று விரைந்ததைப் பேதைமையென்பார் அறியாதார். அது காவலாகிய அச்சம். அஞ்சத்தக்கதனை அஞ்சுதல் அறிவுடையார் தொழில் என்பது வள்ளுவர்க்கும் உடன்பாடு. எச்சரிக்கை நீங்கிய பின்னரும் மாதக்கணக்கிற் கடலோசைக்குத் திடுக்கிட்டு விழிப்பதே நோயாகிய அச்சம்.

இயற்கையால் வந்தது இது; மனிதரால் வந்த அச்சமும் உண்டு. 2009 மே மாதம் வரை நீடித்த போர்க்காலத்திற் பிறந்தோர் இன்று பெற்றோராயுள்ளனர். 2019 ஏப்பிரல் 26 இரவு சாய்ந்தமருதில் நிகழ்ந்த வெடிப்பிற் சிறுவரும் மாண்டனர். அதன்பின் அயலூரார் ஒருவரையொருவர் ஐயுற்று நோக்கிய நாட்களும் இருந்தன. தமிழ்ப் பிள்ளையின் நெஞ்சும் முஸ்லிம் பிள்ளையின் நெஞ்சும் ஒருபடித்தாகவே துடித்தன. கடலை அஞ்சுவோன் உறக்கத்தை இழப்பான்; அயலானை அஞ்சுவோன் உறக்கத்தோடு உறவையும் இழப்பான்.

இத்தகைய பிள்ளை வகுப்பில் எவ்வாறு தோன்றும்? சாளரத்தை நோக்கி வெறிதே இருக்கும்; கதவு அடித்தால் துள்ளியெழும்; காலைதோறும் வயிற்றுவலியென்னும்; காரணமின்றிச் சண்டையிடும். நாம் அதனைச் சோம்பரென்றும் மந்தமென்றும் முரடென்றும் பெயரிட்டுப் பிரம்பை எடுப்போமாயின், அச்சத்தின்மேல் அச்சத்தை ஏற்றியவராவோம். அடியாத மாடு படியாதென்பாரும் உளர். படிதல் வேறு, படித்தல் வேறு. பிரம்புக்கு அஞ்சிய அடக்கம் ஆசிரியர் நிழல் மறையும்வரை நிற்கும். 2005 ஆம் ஆண்டிற் கல்வியமைச்சு விடுத்த சுற்றறிக்கையும் பாடசாலையில் உடற்றண்டனையை விலக்கிற்று. அதற்கு நெடுங்காலம் முன்னரே திருவள்ளுவர் வெருவந்த செய்யாமையை ஓர் அதிகாரமாக வகுத்து, அதன்பின் கண்ணோட்டத்தை வைத்தார். அரசர்க்குக் கூறிய அம்முறை வகுப்பறைக்கும் பொருந்தும்.

பிரம்பின்றியும் அச்சுறுத்தல் உண்டு. யான் இளமையிற் பயின்ற மிஷன் பாடசாலையொன்றில், நரகத் தீயைக் கூறி ஒழுக்கங் கற்பித்தார் சிலர். அதனைக் குறைகூறும் நாமே, பொய் சொன்னாற் சாமி கண்ணைக் குத்தும் என்று மழலையர்க்குக் கூறுதல் முறையாகுமோ? அன்பே சிவமென்று காலையிற் போதித்து, அச்சமே சிவமென்று மாலையிற் காட்டுதல் தகாது.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? அஞ்சாதே என்று வாளா கூறுதல் பயனின்று. சுமாத்திராவை அடுத்துச் சிமலூ என்றொரு தீவு உளது. 1907 இல் அதனை ஒரு பேரலை அழித்தது. தப்பிய மூத்தோர் அதனைக் கதையாகவும் பாட்டாகவும் தம் மக்கட்குப் புகட்டினர்: நிலம் வலிதாக நடுங்கிக் கடல் உள்வாங்கின் உடனே மேட்டுக்கு ஏறுக என்பதே அதன் பொருள். 2004 இல் அதிர்ச்சிக்கு மிக அணித்தாயிருந்தும், ஏறக்குறைய 78,000 மக்களுள் எழுவரே அங்கு இறந்தனர். இடைப்பட்ட 97 ஆண்டும் அவர்கள் கடலை விட்டு ஓடவில்லை; மீன்பிடித்து, மணந்து, மகப்பெற்று வாழ்ந்தனர். அச்சத்தை அறிவாக மாற்றிவைத்தமையின் அது வேண்டியபோது உதவிற்று, வேண்டாதபோது வருத்தவில்லை.

நாமும் அவ்வாறு செய்யலாம். முதலாவது, உண்மை கூறுக. இனி ஒருநாளும் வாராதென்று பொய்யுரைத்தல் வேண்டா. பேரலை எவ்வாறு தோன்றுமென்பதைப் படம் வரைந்து கற்பிக்க. தொலைவில் நேரும் அதிர்ச்சியை நம் கரை உணராமலே அலை வரலாம். ஆதலின் கடல் உள்வாங்குதலையும் அரசின் எச்சரிக்கையையும் குறியாகக் கொள்ளப் பழக்குக. முதலலை கடைசியலையன்று என்பதையும் உணர்த்துக.

இரண்டாவது, செயலிற் பயிற்றுக. தவணைக்கு ஒருமுறை, எத்தெருவால் மேற்கே செல்வது, எங்கே கூடுவது, சிறியோரை யார் கைப்பிடிப்பது என்று நடந்து பழகுக. பழகியபின் அதனை அங்கே விட்டுப் பாடத்துக்குத் திரும்புக.

மூன்றாவது, ஒழுங்கைக் காக்க. மணியும் வழிபாடும் பாடமும் விளையாட்டும் நாடோறும் குறித்தவேளையில் நிகழின், நாளை வருவது இன்னதென்னும் நம்பிக்கை பிள்ளைக்கு உண்டாம். தேவாரத்தை விரையாது கூடிப் பாடுங்கால் மூச்சு நீள்கின்றது. மூச்சு நீள இதயமும் அமைகின்றது.

நான்காவது, செவிகொடுக்க. சொல்ல விரும்பும் பிள்ளை சொல்லட்டும். வரைய விரும்புவது வரையட்டும். வாய்திறவாததை வற்புறுத்தல் வேண்டா. மாதங்கள் சென்றும் உறக்கமின்றி மெலியும் பிள்ளையை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பப் பெற்றோர்க்கு எடுத்துரைக்க. அது பேய்க்கோளாறன்று, குடும்பத்துக்கு இழிவுமன்று.

ஐந்தாவது, அயற்பாடசாலையோடு உறவு கொள்க. காரைதீவுப் பிள்ளையும் நிந்தவூர்ப் பிள்ளையும் ஒரு திடலிற் பந்தாடுதல், ஒற்றுமையைப்பற்றிய பத்துச் சொற்பொழிவினும் நன்று. முகமும் பெயரும் அறிந்தாரை அஞ்சுதல் அரிது.

ஆடவல்லான் திருவுருவத்தை நம் பாடசாலைகளில் நாடோறும் வணங்குகின்றோம். ஒரு திருக்கை தீயை ஏந்தியுளது. அதனை அவர் மறைத்திலர். மற்றொரு திருக்கை அஞ்சற்க என அமைந்துளது. தீ உண்டென்னும் உண்மையையும், அஞ்சற்க என்னும் அருளையும் ஒருங்கே காட்டுவார் குருவாவார். நாளைக் காலையில் வயிற்றுவலியென்று ஒரு பிள்ளை நம் மேசையருகே வந்து நிற்குமாயின், அதன்பால் நீளும் நமது கை யாதென்பதை இன்றே துணிந்து கொள்வோமாக.