பி.எஸ்சி. மாணவனுக்கு ஆராய்ச்சி எதற்கு?

கேள்வி: இளநிலை மாணவர்களை ஆய்வுக்கூடத்தில் விட்டு உதவித்தொகையும் தருவது வீண்செலவு இல்லையா? முதலில் பாடத்தை ஒழுங்காகப் படிக்கட்டுமே!

பதில்: பிராக்டிகல் வகுப்பில் விடை முன்பே தெரியும்; சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து ரீடிங் எழுதியே மார்க் வாங்கிவிடலாம். ஆய்வில் விடை பேராசிரியருக்கே தெரியாது. சோதனை மூன்றாம் முறையும் சொதப்பினால், கரைசலில் கோளாறா, கருவியில் கோளாறா என்று மாணவன்தான் துருவ வேண்டும். இந்தப் பயிற்சியைப் பாடப்புத்தகம் தராது. அமெரிக்காவில், மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் 1988இல் தொடங்கிய மேயர்ஹாஃப் திட்டத்தைப் பாருங்கள். அறிவியலில் கறுப்பின மாணவர்கள் பின்தங்குவதை மாற்றப் பிறந்த அத்திட்டம் பணத்தோடு நிற்கவில்லை. முதலாண்டுக்கு முன்பே கோடை வகுப்பு, சேர்ந்து படிக்கும் பழக்கம், வழிகாட்டி, ஆய்வுக்கூட வேலை எல்லாம் உண்டு. மாடர்னா கொரோனா தடுப்பூசி உருவாக்கத்தில் பங்காற்றிய கிஸ்மேகியா கார்பெட் அங்கே படித்தவர்தான்.

கெட்டிக்காரர்களைப் பொறுக்கியெடுத்தால் ஜெயிக்க மாட்டார்களா என்பீர்கள். நியாயமான சந்தேகம். அதனால்தான், இடம் கிடைத்தும் வேறு கல்லூரிக்குப் போனவர்களோடு ஒப்பிட்டார்கள். திட்டத்தில் சேர்ந்தவர்கள் அறிவியல், பொறியியல் முனைவர் படிப்புக்குப் போவது சுமார் 5 மடங்கு அதிகம். சேராதவர்களின் விருப்பம் வேறாக இருந்திருக்கலாம்தான். ஆனால் அதுமட்டுமே இவ்வளவு பெரிய இடைவெளியை உண்டாக்கும் என்று நம்ப முடியவில்லை. உதவித்தொகையை நிறுத்தினால் மிச்சமாவது சொற்பம். மாலையில் வேலைக்குப் போய் ஃபீஸ் கட்டும் பிள்ளை ஆய்வுக்கூடத்தில் சும்மா உழைக்க முடியாது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே அங்கே மிஞ்சுவார்கள்.