தோட்டத்துச் சேற்றுக்கு ஈடுகொடுக்கும் கார் மேட்: முழுமையான வழிகாட்டி

மலேசியாவில் செம்பனையை வணிகப் பயிராக முதன்முதலில் நட்டது கோல சிலாங்கூர் வட்டாரத்தில்தான். ஆண்டு 1917, இடம், அன்று பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டம். செம்பனையைச் செழிக்க வைக்கும் அதே மழையும் மண்ணும்தான் நம் காலோடு காருக்குள்ளும் ஏறுகின்றன. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை மழை வலுக்கும். அப்போது தோட்டத்துச் சாலையில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் கார் தரை நனையும்.

ஒன்பது ஆண்டுத் தவணையில் கார் வாங்குகிற குடும்பங்கள் நம்மில் ஏராளம். வெளியே பெயின்ட் மங்கினால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். உள்ளே கார்ப்பெட்டுக்கு அடியில் ஈரம் தங்கினால் யாருக்கும் தெரியாது. அடியிலுள்ள பஞ்சு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பூஞ்சை பிடிக்கும், ஏர்கோன் போட்டாலும் வாடை போகாது, கண்ணாடியில் பனி படியும். நாளடைவில் தகரம் துருப்பிடிக்கும். நல்ல மேட் என்பது அழகுப் பொருளல்ல, சேற்று நீரைக் கார்ப்பெட்டுக்குப் போகவிடாமல் பிடித்து வைக்கும் பாத்திரம். அந்தக் கண்ணோடு தேர்ந்தெடுக்க வேண்டும்.

படி 1: உங்கள் சேறு எது என்று பாருங்கள்

இந்த வட்டாரத்தில் மண் ஒன்றல்ல.

ஜெராம், தஞ்சோங் காராங் போன்ற கடலோரப் பகுதிகளில் சாம்பல் நிறக் களிமண். துகள் மிக நுண்ணியது. பூட்ஸின் பள்ளங்களில் அப்பிக்கொண்டு கட்டியாக விழும். காய்ந்தால் இறுகிவிடும்.

ராஜா மூசா காட்டை ஒட்டிய பகுதிகளில் கரிய சதுப்பு மண். நார் கலந்தது, தண்ணீரைச் சுமந்துகொண்டு வரும். இங்கே சேற்றைவிட நீர்தான் தொல்லை.

உட்பகுதியில், உலு சிலாங்கூர்ப் பக்கம், செம்மண். வெளிர் நிறக் கார்ப்பெட்டில் ஒருமுறை இறங்கிய கறை முழுதாகப் போவது அரிது.

தோட்டத்தில் வேலை செய்பவர்கள் இன்னும் இரண்டைக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒன்று உரம். பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு, உப்பு வகை. பூட்ஸில் ஒட்டி வந்து ஈரத்தில் கரைந்தால், பெயின்ட் உரிந்த தகரத்தைச் சாதாரணத் தண்ணீரைவிட வேகமாக அரிக்கும். மற்றொன்று மிதிபட்ட உதிரிப் பழத்தின் எண்ணெய். இது பட்டுக்கொண்டே இருந்தால் இயற்கை ரப்பர் ஊதி மென்மையாகிவிடும்.

படி 2: காரின் மாடல், ஆண்டு, கியர் வகையைக் குறித்துக்கொள்ளுங்கள்

"மைவிக்கு மேட் வேண்டும்" என்று கேட்டால் போதாது. மைவி 2005, 2011, 2017 என்று மூன்று முறை புதிய உருவில் வந்திருக்கிறது. தரையின் வடிவமும் அதற்கேற்ப மாறும். சாகா, ஹைலக்ஸ் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கார் கிராண்டைப் பார்த்து ஆண்டை எழுதிக்கொள்ளுங்கள். மேனுவலா ஆட்டோவா என்பதையும் சொல்லுங்கள். கிளட்ச் பெடல் இருக்கும் காரில் இடதுகால் பக்கத்து வெட்டு வேறாக இருக்கும்.

இணையத்தில் வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஸ்டீயரிங் இடப்பக்கம் உள்ள நாடுகளுக்குச் செய்த மேட்களும் அங்கே விற்பனைக்கு வருகின்றன. படத்தில் ஓட்டுநர் மேட் வலப்பக்கம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

படி 3: பொருளைத் தேர்ந்தெடுங்கள்

துணி மேட்: புதுக் காரோடு வருவது. நகரத்துக்குப் போதும். சேற்றுக்கு ஆகாது, தண்ணீரைத் தானும் குடித்து அடியிலுள்ள கார்ப்பெட்டுக்கும் கொடுக்கும்.

சுருள் மேட்: நூடுல்ஸ் போலச் சுருண்ட பி.வி.சி. இழைகளால் ஆனது. காய்ந்த மண்ணையும் மணலையும் நன்றாகப் பிடித்து வைக்கும். ஆனால் ஈரக் களிமண் இழைகளுக்குள் இறங்கி இறுகிவிட்டால் கழுவி எடுப்பது பெரும்பாடு. அடியில் தடுப்புத் தகடு இல்லாத வகையில் தண்ணீர் நேரே கீழே போய்விடும்.

தோல் போன்ற 5டி, 7டி மேட்: பார்க்க ஆடம்பரம், தரை முழுவதையும் மூடும். ஆனால் தையல் ஓரங்களில் தண்ணீர் நுழைந்தால் அடியிலுள்ள நுரையில் தங்கிவிடும். ஈரப் பூட்ஸ் அதன்மேல் வழுக்கும். தோட்டத்துக்குப் போகும் காருக்கு இது வேண்டாம்.

இ.வி.ஏ. மேட்: தேன்கூடு போன்ற சிறு குழிகள் கொண்டது. மிக இலேசு. தண்ணீர் குழிகளில் நிற்கும், தட்டிவிட்டால் போய்விடும். குதிகால் அழுந்தும் இடம் சீக்கிரம் தேயும்.

சாதாரண ரப்பர் மேட்: விலை குறைவு, முரட்டு உழைப்பு. தட்டையாக இருப்பதால் தண்ணீர் ஓரத்தில் வழிந்துவிடும். ஆழமான பள்ளங்கள் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் வேலைக்குப் போகும் பழைய காருக்கு இது நியாயமான தேர்வு.

டி.பி.இ. அச்சு மேட்: ரப்பரின் நெகிழ்வும் பிளாஸ்டிக்கின் இலேசும் சேர்ந்த பொருள். காரின் தரையை அளந்து அச்சில் வார்ப்பதால் தாம்பாளம் போல ஓரம் உயர்ந்து நிற்கும். வெயிலில் நின்ற காரில் வாடை குறைவு. விலை அதிகம்தான். ஆனால் கடலோரக் களிமண்ணுக்கும் சதுப்பு நீருக்கும் இதுவே முதல் தேர்வு. பி.வி.சி.யிலும் இதே வடிவம் குறைந்த விலையில் கிடைக்கும். வெயிலில் வாடை சற்றுக் கூடுதலாக இருக்கும்.

படி 4: கடையில் கையால் சோதியுங்கள்

விற்பவர் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். மேட்டைக் கையில் எடுங்கள்.

ஓரத்தின் உயரம் இரண்டு விரல் அகலமாவது இருக்கட்டும். கதவுப் பக்கத்து ஓரத்தைத் தனியாகப் பாருங்கள். கால் வைத்து ஏறும் இடம் அதுதான், அங்கே தாழ்வாக இருந்தால் மற்ற மூன்று பக்கமும் உயர்ந்து பயனில்லை.

ஒரு மூலையை மடித்து விடுங்கள். வெள்ளைக் கோடு விழாமல் பழைய வடிவுக்குத் திரும்ப வேண்டும்.

அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நழுவாமல் இருக்கச் சிறு முட்கள் வேண்டும். ஓட்டுநர் மேட்டில், காரின் தரையிலுள்ள கொக்கி எங்கே இருக்கிறதோ சரியாக அங்கே துளை இருக்க வேண்டும்.

இடதுகால் ஓய்வெடுக்கும் இடமும், பின்னிருக்கையின் நடு மேடும் மூடப்படுகின்றனவா என்று பாருங்கள். பள்ளிப் பிள்ளைகளின் காலணிச் சேறு பெரும்பாலும் அந்த நடு மேட்டில்தான் விழுகிறது.

படி 5: பெடலைச் சோதிக்காமல் ஓட்டாதீர்கள்

இந்த வழிகாட்டியில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. 2009 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் சான் டியாகோ அருகே ஒரு லெக்சஸ் கார் கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடி விபத்துக்குள்ளானது, நால்வர் இறந்தனர். வேறொரு மாடலுக்குச் செய்த ரப்பர் மேட் அந்தக் காரில் போடப்பட்டிருந்தது. ஆக்சிலரேட்டர் பெடல் அதில் சிக்கிக்கொண்டது. அடுத்த சில வாரங்களில், மேட் பெடலைப் பிடிக்கும் ஆபத்துக்காக டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 38 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது.

சோதனை எளிது. எஞ்சினை அணைத்து ஹேண்ட்பிரேக் போடுங்கள். ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதித்து விடுங்கள். தடையின்றி மேலே வர வேண்டும். பிறகு குதிகாலால் மேட்டை முன்னோக்கி அழுத்தித் தள்ளி, மறுபடியும் மிதித்துப் பாருங்கள். பிரேக்கையும் கிளட்ச்சையும் இதேபோல் பாருங்கள். எங்கேயாவது உரசினால் அந்த மேட் உங்கள் காருக்கு உரியதல்ல; கத்தரித்துச் சரிசெய்ய முயலாமல் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

பழைய மேட்டின் மேல் புதியதைப் போடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இரண்டடுக்கு மேட் கொக்கியில் உட்காராது, நழுவிப் பெடலுக்கு அடியில் போகும்.

படி 6: காய்ந்த தரையில் பொருத்துங்கள்

தண்ணீர் விடாத மேட்டை ஈரக் கார்ப்பெட்டின் மேல் போட்டால் அடியிலுள்ள ஈரம் வெளியேற வழியில்லை. பழைய மேட்டை எடுத்து, காய்ந்த சேற்றைத் தூரிகையால் தட்டி, வாக்கூம் போட்டு, உள்ளங்கையால் கார்ப்பெட்டை அழுத்திப் பாருங்கள். கை நனைந்தால் வெயிலில் நான்கு கதவையும் திறந்து வைத்து, முழுதும் காய்ந்த பிறகே புதியதைப் பொருத்துங்கள். பொருத்தியதும் கொக்கி மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள்.

படி 7: கழுவும் முறை

களிமண்ணை மேட்டிலேயே காயவிடாதீர்கள். வீடு வந்ததும் மேட்டைச் சாய்க்காமல் தூக்கி வெளியே கொட்டி, குழாய் நீரைப் பீய்ச்சினால் சில நிமிட வேலை. கார்ப்பெட்டில் சிந்திவிட்டால் முறை நேரெதிர்: ஈரத்தில் தேய்த்தால் உள்ளே இறங்கும், காயவிட்டுத் தட்டி எடுக்க வேண்டும்.

பழ எண்ணெய் பட்டிருந்தால் பாத்திரம் கழுவும் சவர்க்காரம் போதும். டயருக்குப் பூசும் பளபளப்புத் திரவத்தை மேட்டில் தடவாதீர்கள். ஓட்டும்போது கால் வழுக்கும். உரம் போட்ட நாளில் மேட்டை அன்றே கழுவுங்கள். மாதம் ஒருமுறையாவது மேட்டைத் தூக்கி அடியைத் தொட்டுப் பாருங்கள்.

கடைக்குப் போகும் முன் ஒரு சுருக்கம்

தினமும் தோட்டத்துக்குள் போகும் கார்: மாடலுக்கேற்ற டி.பி.இ. அல்லது பி.வி.சி. அச்சு மேட்.
வார இறுதியில் மட்டும் தோட்டத்து உறவினர் வீட்டுக்குப் போகும் கார்: இ.வி.ஏ., அல்லது அடித்தடுப்புள்ள சுருள் மேட்.
வேலைக்கென்றே வைத்திருக்கும் பழைய கார், பிக்-அப்: ஆழப் பள்ளமுள்ள ரப்பர் மேட். பழ எண்ணெய் பட்டால் உடனே கழுவிவிடுங்கள்.
எல்லாக் காருக்கும்: பின்பெட்டியில் பூட்ஸ் வைக்க ஒரு பிளாஸ்டிக் தட்டு, காருக்குள் காலில் நன்றாகப் பொருந்தும் ஒரு ஜோடி காய்ந்த காலணி. ஈரப் பூட்ஸோடு பெடலை மிதிப்பதைவிடக் காலணியை மாற்றிக்கொண்டு ஓட்டுவது பாதுகாப்பு. மேட்டுக்கு வரும் சேறும் குறையும்.

கையில் பணம் குறைவாக இருந்தால் முழு செட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஓட்டுநர் பக்கத்துக்கு மட்டும் நல்லதாக ஒன்றை வாங்குங்கள். சேறு அதிகம் விழுவதும் அங்கேதான், பெடல் இருப்பதும் அங்கேதான். மற்ற மூன்றையும் அடுத்த சம்பளத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.