முழுநிலவைக் கடக்கும் பறவைகள்

ஜவ்வாது மலையின் மேல், கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் உள்ள காவலூரை வானியல் படிப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். 2.34 மீட்டர் குறுக்களவுள்ள ஆடியைக் கொண்ட பெரிய தொலைநோக்கி அங்கே 1986 ஜனவரி 6 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. அந்த நிலையத்திற்கு இடம் தேர்ந்து உருவாக்கிய வைணு பாப்புவின் பெயரே இன்று அதற்கு வழங்குகிறது. மங்கலான விண்மீன்களை ஆராயும் வானியலாருக்கு முழுநிலவு ஒரு தொல்லை. நிலவொளியில் வானம் வெளுத்துவிடுகிறது. ஆனால் அவர்களுக்குத் தொல்லையான அந்த இரவுகளே வேறொரு ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்றவை. அதற்கு இரண்டரை மீட்டர் ஆடி வேண்டாம். பள்ளிக்கூடத்துச் சிறு தொலைநோக்கி ஒன்றும், ஒரு குறிப்பேடும், பொறுமையும் இருந்தால் போதும். நிலவின் முகத்தைக் கடந்து செல்லும் வலசைப் பறவைகளை எண்ணுவதுதான் அந்த ஆராய்ச்சி.

புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் நம் ஏரிகளுக்குப் புதிய விருந்தாளிகள் வருகிறார்கள். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டையான அலகுடைய ஆண்டி வாத்து, பலவகை உள்ளான்கள், வாலை ஓயாமல் ஆட்டிக்கொண்டு நீரோரத்தில் ஓடும் வாலாட்டிகள் என்று பட்டியல் நீளும். இவற்றில் பல மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வருபவை. நேற்று மாலை வெறுமையாக இருந்த ஏரியில் இன்று காலை நூறு வாத்துகள் மிதக்கின்றன என்றால், அவை எப்பொழுது வந்தன? இரவில்தான். வாத்துகளும் உள்ளான்களும் சிறு பறவைகளும் பெரும்பாலும் இரவில் பயணம் செய்கின்றன.

ஏன் இரவு? இதற்கு இயற்பியல் கூறும் விடை சுவையானது. பகலில் தரை சூடேறுவதால் அதை ஒட்டிய காற்றும் சூடேறி, தூண் தூணாக மேலெழுகிறது. கழுகும் நாரையும் அந்தத் தூண்களுக்குள் வட்டமிட்டு, இறக்கையை அசைக்காமலே உயரம் பெறுகின்றன. ஆகவே அவை பகலில் பயணம் செய்கின்றன. இடைவிடாது இறக்கையடித்துப் பறக்கும் வாத்துக்கோ இந்தக் கொந்தளிப்பு இடைஞ்சலே. இரவில் காற்று அமைதியடைகிறது. வெப்பமும் குறைகிறது, பறக்கும்போது தசைகளில் உண்டாகும் வெப்பத்தை வெளியேற்றுவது எளிதாகிறது. பகற்பொழுது இரை தேடக் கிடைக்கிறது. விண்மீன்களைச் சிமிட்ட வைப்பதும் காற்றின் கொந்தளிப்பே என்பதை நினைவில் கொள்ளுங்கள். வானியலாரும் வாத்தும் ஒரே பொருளைத்தான், அதாவது அமைதியான காற்றைத்தான், நாடுகிறார்கள்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். "சைபீரியப் பறவைகள் வேடந்தாங்கலுக்கு வந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன" என்று பலர் எழுதுகிறார்கள். பள்ளிக் கட்டுரைகளிலும் அது இடம்பெற்று விடுகிறது. வேடந்தாங்கலில் நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டுபவை நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், வக்கா, கூழைக்கடா போன்றவை. இவை நம் நாட்டிலேயே வாழ்ந்து, நீர் உள்ள இடம் நாடி நகர்பவை. வடக்கிலிருந்து வரும் வாத்துகள் இங்கே கூடு கட்டுவதில்லை. அவை வட நாடுகளின் கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே நீர்நிலைகள் உறையுமுன் இரை தேடி இங்கே வருகின்றன. பங்குனி வாக்கில் திரும்பிவிடுகின்றன. ஒரே ஏரியில் இருவகைப் பறவைகள் தங்குவதால் இந்தக் குழப்பம் நேர்கிறது.

வேடந்தாங்கல் சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள பாசன ஏரி; மனிதன் வெட்டியது. பறவைகளைச் சுடுபவர்களை எதிர்த்து ஊர்மக்கள் முறையிட்டதன் பேரில், அப்பறவைகளைக் காக்கும் உரிமையைச் செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-ல் அவர்களுக்கு எழுத்து மூலம் அளித்தார். எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகும் என்பதை உழவர்கள் கண்டிருந்தார்கள். வெட்டிய பள்ளமும் பறவைகளுக்கு வீடாகலாம் என்பதற்கு வெளிநாட்டுச் சான்றும் உண்டு. நம் ஏரிக்கரைகளிலும் காணப்படும் சிறு பட்டாணி உப்புக்கொத்தி, இங்கிலாந்தில் முதன்முதலாக 1938-ல்தான் கூடு கட்டியது. பின்னர், கட்டுமானத்திற்காகச் சரளைக்கல் தோண்டி எடுத்த பள்ளங்களின் கரையில் அது நாடெங்கும் பரவியது. ஆனால் எல்லாப் பள்ளமும் இதற்கு உதவாது. உள்ளானுக்குச் சில செ.மீ. ஆழமே வேண்டும், தலையைக் கவிழ்த்து மேயும் வாத்துக்கு அரை மீட்டருக்கும் குறைவான ஆழம் வேண்டும். சுவர் போன்ற கரையும் பத்து மீட்டர் ஆழமும் உள்ள கல்குவாரியில் அவற்றிற்கு இரை இல்லை. மாணவர்களுக்கும் அங்கே வேலை இல்லை. அத்தகைய நீரின் விளிம்பில் நின்று பறவை பார்ப்பது உயிருக்கு ஆபத்து. சரிவான கரையுள்ள ஏரியே நமக்குப் போதும்.

இனி நிலவுக்கு வருவோம். பிரின்ஸ்டன் நகர வானாய்வகத்தின் தொலைநோக்கி வழியாக 1880-ல் நிலவைப் பார்த்துக்கொண்டிருந்த டபிள்யூ. இ. டி. ஸ்காட் என்பவர், பறவைகள் அதைக் கடந்து செல்வதைக் கண்டு வியந்தார். நெடுங்காலம் அது ஒரு வேடிக்கையாகவே இருந்தது. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லோவரி 1940-களில் அதைக் கணக்கிடும் முறையாக மாற்றினார். 1952 அக்டோபர் முதல் நான்கு இரவுகளில், அமெரிக்கா முழுவதும் பறவை ஆர்வலர்களும் வானியல் ஆர்வலர்களும் தத்தம் ஊரிலிருந்து நிலவைப் பார்த்து எண்ணினார்கள். ஒரு கண்டத்தின் மேல் இரவில் நடக்கும் வலசையின் படம் அவ்வாறு கிடைத்தது.

இம்முறையின் அடிப்படை ஓர் எளிய கோணம். நிலவின் குறுக்களவு நம் கண்ணில் ஏறத்தாழ அரைப் பாகை, அதாவது 31 கலை கோணத்தை அடைக்கிறது. 5 மி.மீ. பருமனுள்ள ஒரு மிளகை 55 செ.மீ. தூரத்தில் பிடித்து ஒரு கண்ணால் பாருங்கள். அது நிலவைச் சரியாக மறைக்கும். 55 செ.மீ.-ஐ 5 மி.மீ.-ஆல் வகுத்தால் 110. ஆகவே நிலவை நோக்கும் நம் பார்வை ஒரு கூர்மையான கூம்பு. எந்தத் தூரத்திலும் அதன் அகலம் அத்தூரத்தில் 110-ல் ஒரு பங்கு. 1 கி.மீ. தூரத்தில் அகலம் சுமார் 9 மீட்டர்தான்.

1 கி.மீ. தூரத்தில், இறக்கைகளை விரித்தால் 20 செ.மீ. அகலமுள்ள ஒரு சிறு பறவை பறக்கிறது என்று கொள்வோம். 9 மீட்டரில் 20 செ.மீ. என்றால் நிலவின் குறுக்களவில் 45-ல் ஒரு பங்கு; கோண அளவில் 0.7 கலை. வெறுங்கண்ணால் பிரித்துக் காணக்கூடிய எல்லை சுமார் 1 கலை. எனவே கண்ணுக்கு அது தப்பிவிடும். 20 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் அது 14 கலையாகி, கருநிழலாகத் தெளிவாகத் தெரியும். அதுவும் எவ்வளவு நேரம்? விநாடிக்கு 18 மீட்டர் வேகத்தில் பறக்கும் பறவை 9 மீட்டரை அரை விநாடியில் கடந்துவிடும். கண்ணிமைத்தால் போயிற்று! 3 கி.மீ. தூரத்தில் பறந்தால் ஒன்றரை விநாடி கிடைக்கும். தூரம் கூடக்கூட உருவம் சிறுக்கிறது, ஆனால் கடக்கும் நேரம் நீள்கிறது. வேகத்தை ஓரளவு ஊகித்தால், நேரத்திலிருந்து தூரத்தை மதிப்பிடலாம்.

எண்ணிக்கையும் அப்படியே. நிலவு தலைக்கு நேர் மேலே இருப்பதாகவும், பறவைகள் தரையிலிருந்து 1 கி.மீ. உயரம் வரை சீராகப் பரவிப் பறப்பதாகவும் கொள்வோம். பறவைகள் வரும் திசையிலிருந்து பார்த்தால் நம் கூம்பு ஒரு முக்கோணம். உயரம் 1,000 மீட்டர், மேற்பக்கம் 9.1 மீட்டர். பரப்பு ஏறத்தாழ 4,550 சதுர மீட்டர். ஆனால் 1 கி.மீ. அகலமும் 1 கி.மீ. உயரமும் உள்ள வான்வாயிலின் பரப்பு 10 லட்சம் சதுர மீட்டர். இதை அதனால் வகுத்தால் 220. ஒரு மணி நேரத்தில் நீங்கள் ஒரே ஒரு பறவையைக் கண்டாலும், அந்த ஒரு கி.மீ. அகலத்தில் சுமார் 220 பறவைகள் கடந்திருக்கக்கூடும். ஐந்தைக் கண்டால் ஆயிரத்துக்கு மேல். உங்கள் ஊர் உறங்கும்போது மேலே இவ்வளவு போக்குவரத்து! ஒரு பறவையை வைத்து மட்டும் இப்படிப் பெருக்கினால் பிழை மிகுதியாக இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல மணி நேரம், பல இரவுகள் எண்ணிச் சராசரி எடுத்தால்தான் கணக்கு நிலைபெறும். நிலவு தாழ்ந்திருந்தால் கூம்பு நீண்டு அகன்றுவிடுவதால் பெருக்கும் எண்ணும் மாறும்.

இந்த விஷயத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. கார்த்திகை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், அதற்கு எதிரே உள்ள முழுநிலவு வடக்கே விலகி, காவலூர் போன்ற இடங்களில் நள்ளிரவில் ஏறக்குறைய உச்சிக்கு வந்துவிடும். வசதிக்கு ஈடாக வடகிழக்குப் பருவமழை மேகத்தைக் கொண்டுவருகிறது. மழை ஓய்ந்து வானம் விட்ட இரவில் கழுவித் துடைத்தது போன்ற தெளிவு இருக்கும், அதை விடாதீர்கள். முழுநிலவுக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாட்கள் வரை எண்ணலாம்.

திசையைக் குறிக்க, நிலவின் வட்டத்தைக் கடிகார முகமாகக் கொள்ளுங்கள். உச்சி 12. "2 மணியில் நுழைந்து 7 மணியில் வெளியேறியது" என்று நண்பரிடம் சொல்ல, அவர் நேரத்துடன் எழுதவேண்டும். வானியல் தொலைநோக்கி தலைகீழாகக் காட்டும் என்பதை மறக்கவேண்டாம்; வெறுங்கண்ணால் தெரியும் நிலவின் கறைகளுடன் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம். ஒருவரே நெடுநேரம் பார்த்தால் கண் சோர்ந்துவிடும்; கால் மணிக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். நிலவைப் பார்ப்பதால் கண்ணுக்குக் கேடில்லை. ஆனால் அதே கருவியை ஒருபோதும் சூரியனை நோக்கித் திருப்பாதீர்கள்.

கடந்ததெல்லாம் வலசைப் பறவை அல்ல. மாலையில் வக்காக்கள் இரை தேடிக் கிளம்பும். பழந்தின்னி வௌவால்கள் தோப்புக்குச் செல்லும். ஏரி வாத்துகளே இரவில் வயலுக்கு மேயப் போவதுண்டு. ஆகவே இருட்டிய முதல் ஒரு மணி நேரத்தை விட்டுவிடுவது நல்லது. அருகில் பறக்கும் பூச்சி குவியத்திற்கு வெளியே இருப்பதால் மங்கலான புகைபோலத் தெரியும். தொலைவில் செல்லும் பறவையின் விளிம்பு கூர்மையாக இருக்கும். திசைகள் எல்லாம் தெற்கு நோக்கியே அமைந்தால் நீங்கள் காண்பது வலசை என்று நம்பலாம். நாலாபக்கமும் சிதறியிருந்தால் உள்ளூர்ப் போக்குவரத்து.

அது சரி, இருளில் பறவைக்குத் தெற்கு எது என்று யார் சொன்னார்கள்? அமெரிக்காவில் ஸ்டீஃபன் எம்லன் என்ற ஆராய்ச்சியாளர் நீலநிறச் சிறு பறவை ஒன்றைக் கோளரங்கத்தில் வைத்துச் சோதித்தார். கூண்டின் அடியில் மைப்பஞ்சு, சுற்றிலும் புனல் வடிவில் வெள்ளைத்தாள். பறவை எத்திசையில் தாவுகிறதோ அத்திசையில் காலடி மை படியும். பிறந்ததுமுதல் கையில் வளர்த்த குஞ்சுகள் சிலவற்றுக்கு, துருவ மீனைச் சுற்றாமல் திருவாதிரை மீனைச் சுற்றிச் சுழலும் பொய்வானத்தை அவர் காட்டினார். இலையுதிர்காலம் வந்ததும் அவை திருவாதிரையையே வடக்கு என்று எண்ணி அதற்கு எதிர்ப்புறம் தாவின! 1970-ல் வெளியான இம்முடிவு, பறவை விண்மீன்களின் வரைபடத்தோடு பிறப்பதில்லை, வானம் எந்தப் புள்ளியைச் சுற்றுகிறது என்று குஞ்சுப் பருவத்தில் கற்றுக்கொள்கிறது என்பதைக் காட்டியது. பல பறவைகள் பூமியின் காந்தப்புலத்தையும் பயன்படுத்துகின்றன. அவை உணர்வது காந்த ஊசியின் வடமுனையை அல்ல, புலம் தரையுடன் சாய்ந்துள்ள கோணத்தை என்பது சோதனைகளின் முடிவு. காந்த நடுவரையோ நம் நாட்டின் தென்கோடிக்கு அருகே செல்கிறது. அங்கே சாய்வு ஏறத்தாழ சுழி. அங்கு வரும் பறவைக்கு அந்தத் திசைகாட்டி என்ன சொல்லும் என்பது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.

விண்மீனைப் பார்த்துப் பறப்பதற்கு விண்மீன் தெரியவேண்டும். நியூயார்க் நகரில் ஆண்டுதோறும் செப்டம்பர் 11 அன்று நினைவஞ்சலியாக வானை நோக்கி மிக வலிய இரு ஒளிக்கற்றைகள் செலுத்தப்படுகின்றன. ஏழு இரவுகளில் அவை சுமார் 11 லட்சம் பறவைகளைத் தடுமாறச் செய்தன என்று 2017-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பறவைகள் ஒளிக்குள் வட்டமிட்டுக் கூவிக்கொண்டே இருந்தன. விளக்கை அணைத்ததும் சில நிமிடங்களில் கலைந்து தம் வழியே சென்றன. காவலூரில் வானியலார் எந்த இருளை வேண்டுகிறார்களோ, ஏரிக்கு வரும் நீலச்சிறகிக்கும் அதுவே வேண்டும்.

முடிவாக ஒரு கணக்கு. நிலவு தொடுவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் இருக்கிறது. விநாடிக்கு 18 மீட்டர் வேகமுள்ள ஒரு வாத்து, உங்கள் பார்வைக்குக் குறுக்காக, நிலவின் நடுவழியே 2 விநாடியில் கடந்தது. அது உங்களிடமிருந்து எவ்வளவு தூரத்திலும், தரையிலிருந்து எவ்வளவு உயரத்திலும் பறந்தது? சைன் 30-ன் மதிப்பு அரை என்பது உங்களுக்குத் தெரிந்ததே.