அயலார் பூனையும் நமது தோட்டமும்

அயலாரோடு இணங்கி வாழ்தல் பெரிய காரியங்களில் எளிது; சிறிய காரியங்களிலேயே அரிது. ஒருவர் வீட்டில் துக்கம் நேர்ந்தால் அடுத்த வீட்டார் ஓடிச்சென்று உதவுகின்றனர். ஆனால் அவ்வீட்டுப் பூனை இவ்வீட்டுக் கீரைப் பாத்தியைக் கிளறிவிடின், இரு வீட்டாரும் மாதக்கணக்காக முகங்கொடுத்துப் பேசாதொழிகின்றனர். பூனையோ இவ்வழக்கு ஒன்றையும் அறியாது, பொது மதிலின்மேல் இனிது உலவுகின்றது. ஆதலின், அயலார் பூனையை நம் திண்ணையினின்றும் தோட்டத்தினின்றும் விலக்குதற்குரிய நெறி யாதென ஆராய்தல், அற்ப விஷயமென்று நகைத்துத் தள்ளத்தக்கதன்று.

விலக்கும் வழியை அறியுமுன், அப்பிராணியின் சுபாவத்தை அறிதல் வேண்டும். வீட்டுப் பூனை, வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் ஒருவகைக் காட்டுப்பூனையின் வழித்தோன்றல் என்பது 2007-ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. சைப்பிரஸ் தீவில், ஏறக்குறைய 9,500 ஆண்டுகட்கு முன் ஒரு மனிதனின் அருகே புதைக்கப்பெற்ற பூனையின் எலும்புகள் கிடைத்த செய்தி 2004-இல் வெளியிடப்பட்டது. இத்துணை நெடுங்காலம் மக்களை அண்டி வாழ்ந்தும், பூனை நாயைப்போல ஏவலுக்கு அடங்கும் இயல்பினதாகவில்லை. தன் எல்லையை அது மூக்கினால் அறியுமேயன்றி, கிரயப் பத்திரத்தினாலும் மதிற்சுவரினாலும் அறியாது. ஆகவே அதனை வைதும் அடித்தும் திருத்த முயல்வது வீண். அவ்விடம் தனக்கு வேண்டாததென்று பூனையே எண்ணுமாறு செய்தலே உபாயமாகும்.

பூனை நம் மனைக்கு வருதற்குக் காரணங்கள் பெரும்பாலும் மூன்று. அவை மென்மண், உணவு, படுக்கை என்பன.

முதலாவது, பூனை தன் மலத்தைப் புதைக்கும் வழக்கமுடையது. அதற்கு உலர்ந்த, பொலபொலப்பான மண் வேண்டும். நாம் விதைத்தற்காகக் கொத்திப் பதப்படுத்திய பாத்தியோ அதன் விருப்பத்திற்கு முற்றும் இசைந்தது. எனவே, விதைத்தவுடன் கோழிக்கூட்டுக்கு இடும் கம்பிவலையைப் பாத்தியின்மேல் தட்டையாக விரித்து, ஓரங்களில் கல் வைத்தல் நன்று. நாற்று அவ்வலையின் கண்களூடே முளைத்தெழும். பூனையின் கால் மண்ணைப் பறிக்கமாட்டாது. வலை இல்லாதார் குச்சிகளைச் சாணளவு இடைவெளியில் நெருங்க நட்டாலும் போதும். செடிகளின் அடியிற் கூழாங்கற்களைப் பரப்பலாம். ஈரமண்ணில் இருக்கப் பூனை விரும்பாதாதலின், மாலையில் நீர் பாய்ச்சுதலும் பயன்தரும். வீடு கட்டக் குவித்த மணலைத் தார்ப்பாயினால் மூடிவைக்க வேண்டும். எலுமிச்சை, நாரத்தை ஆகியவற்றின் தோலைத் தூவுதலும் உண்டு. ஆயினும் அம்மணம் சில நாட்களில் மாறிவிடுமாதலின் அதனை அடிக்கடி புதுப்பித்தல் வேண்டும்.

இரண்டாவது உணவு. முருங்கையடியில் மீன் கழுவிய நீரை ஊற்றிவிட்டுப் பூனை வருகின்றதென்று முறையிடுதல் பொருந்தாது. செதிளையும் குடலையும் மூடியுள்ள பாத்திரத்தில் இடுக. எலும்புத்தூள், மீனுரம் ஆகியவற்றின் நாற்றமும் பூனையை ஈர்க்கும்; அவற்றிற்கு மாறாக வேப்பம்பிண்ணாக்கையும் மட்கிய இலைக்குப்பையையும் இடலாம். மாணவர் விடுதிகளின் சமையற்கூடங்களைச் சுற்றிப் பூனைகள் பெருகுதற்கும் மூடாத எச்சிற்றொட்டிகளே காரணம்.

மூன்றாவது படுக்கை. நண்பகலில் நிழலும், இரவில் பகல்வெயிலின் வெதுவெதுப்பும் உடைய திண்ணையின்மேல் பழஞ்சாக்கையோ மெத்தையையோ விட்டுவைத்தால், பூனை அதனை வேண்டாமென்று சொல்லாது. துணிகளை அகற்றுக. முன்பு சிறுநீர் விட்ட இடத்தின் நாற்றம் அதனை மீண்டும் அவ்விடத்திற்கே அழைக்குமாதலின், அவ்விடத்தைச் சவுக்காரத்தினால் நன்கு கழுவுதல் இன்றியமையாதது. நவச்சாரக் காரம் கலந்த கழுவுநீர் சிறுநீரின் மணத்தையே ஒத்திருப்பதால் அதனை விலக்குக.

இனி, செய்யத்தகாதன சிலவற்றையும் கூறுவாம். மிளகாய்ப்பொடி தூவுதல் பூனையின் கண்ணையும் வாயையும் புண்படுத்தும். காற்றடித்தால் நம் குழந்தைகளின் கண்ணிலும் விழும். அந்துருண்டை நஞ்சு, மிட்டாய் எனக் கருதிச் சிறுபிள்ளைகள் அதனை விழுங்குதலும் கூடும். பினாயில் வகைகளை மிகுதியாகக் கொட்டுதலும் தீது. அவற்றுள் பலவற்றிலுள்ள ஒருவகைப் பொருளை மாற்றி வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. காலில் ஒட்டியதை அது நக்கினால் உயிருக்கே கேடு நேரலாம். நஞ்சிட்டுக் கொல்லுதல் பாவமாதலோடு குற்றமும் ஆம். 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் பிராணிகளைக் கொடுமைப்படுத்துதலைத் தண்டிக்கின்றது. 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற பாரதிய நியாய சங்கிதையின் 325-ஆம் பிரிவோ, பிராணியைக் கெடுநோக்குடன் கொல்லுதலுக்கும் நஞ்சிடுதலுக்கும் ஐந்தாண்டு வரையிற் சிறை விதிக்கின்றது.

பாத்தியில் எச்சமிடுதலைப் பொறுத்துக்கொள்ளலாமே என்பார்க்கு ஒன்று சொல்லவேண்டியுளது. சில பூனைகளின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரின் முட்டைகள் இருத்தல் கூடும். கருவுற்றிருக்கும் பெண் அந்நோயைப் புதிதாக அடைவாளாயின், வயிற்றிலுள்ள சிசுவுக்குக் கண்ணிலும் மூளையிலும் தீங்கு நேரலாம். அம்முட்டைகள் வெளிப்பட்டவுடன் நோய்தருவன அல்ல. ஒன்று முதல் ஐந்து நாட்களுக்குள் அவ்வலிமை பெறுகின்றன. ஈரமண்ணில் மாதக்கணக்கில் அழியாமலும் இருக்கின்றன. ஆதலின் எச்சத்தை அன்றன்றே கையுறையணிந்து அகற்றுக. கருவுற்ற மகளிரை அவ்வேலைக்கு விடற்க. கீரையையும் காயையும் நன்கு கழுவியே உண்க.

இவையனைத்தினும் சிறந்த உபாயம் ஒன்று உண்டு. பெரும்பாலோர் அதனை இறுதியிற் கையாளுகின்றனர். முதலிற் கையாளத்தக்கது அதுவே. அயலாரிடம் நேரிற் சென்று இனிய சொல்லால் எடுத்துரைத்தலே அது. மதிலுக்கு அப்பாலிருந்து கூவுதலும், வேலைக்காரியிடம் சொல்லியனுப்புதலும் பகையை வளர்க்கும். “அம்மா, தங்கள் பூனை எங்கள் பாத்திக்கு வருகின்றது. மருமகள் கருவுற்றிருத்தலால் சற்று அஞ்சுகின்றோம். தங்கள் தோட்டத்தில் ஒரு மூலையில் மணல் கொட்டி வைத்தால் அது அங்கேயே பழகிக்கொள்ளும்” என்று சொல்லுவார்க்குச் சினந்து விடையிறுப்பார் மிகச் சிலரே. கடுவன் பூனைக்கு விதையடித்துவிட்டால், அது சுவர்தோறும் சிறுநீர் தெளித்தலும், இரவிற் கத்தித் திரிதலும் பெரும்பாலும் அடங்கும். பெண்பூனை ஆறு திங்களுக்குள்ளேயே சினைப்படக்கூடுமாதலானும், ஏறக்குறைய ஒன்பது வாரத்திற் குட்டி ஈனுமாதலானும், அதற்கும் கருத்தடை செய்வித்தல் இரு வீட்டார்க்கும் நன்மையே. பொருள் முட்டுப்பாடு உடையாராயின் செலவிற் பாதியை நாம் ஏற்றுக்கொள்ளலாம். ஆண்டுதோறும் நாற்று வாங்கும் செலவையும் மனக்கசப்பையும் நோக்க அது சிறிதே.

அயலானிடத்து அன்பு கூரவேண்டுமென்னும் கட்டளையைக் கல்லூரிச் சிற்றாலயத்திற் பலமுறை கேட்டிருக்கின்றோம். அக்கட்டளை நம்மைப் பரீட்சிக்கும் இடம் பெரும்பாலும் மதிலோரமே. கம்பிவலை பாத்தியைக் காக்கும். பொறுமையும் இன்சொல்லும் அண்டை வீட்டுறவைக் காக்கும். இவ்விரண்டும் உடையார்க்கு அயலார் பூனை ஒரு பகையாகத் தோன்றாது. மதிலைக் கடந்துவரும் ஒரு சிறு வேலையாகவே தோன்றும்.