பழந்தின்னி வௌவால்: சூழல் வினாக்களுக்கான பாடக்குறிப்பு

பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குச் சுற்றுலா சென்ற மாணவர்கள் இதனை நேரில் கண்டிருப்பீர்கள். உயர்ந்த மரக்கிளைகளில், கறுப்புத் துணிகளைக் காயப்போட்டது போல், கூட்டங்கூட்டமாகத் தலைகீழாகத் தொங்கும். சிங்களத்தில் இதனை 'மா வவுலா' என்பர். இலங்கையில் வாழும் வௌவால்களில் மிகப் பெரியது இதுவே. விரித்த சிறகுகளின் அகலம் 1.2 மீற்றர் வரையிலும் அதற்கு மேலும் இருக்கும். நமது லயக் கூரை இடுக்குகளில் ஒளியும் சிறு வௌவால் வேறு, அது பூச்சியுண்பது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

"வௌவால் ஒரு பறவை" என எழுதினால் புள்ளி கிடையாது. அது குட்டி ஈன்று பாலூட்டும் முலையூட்டி. உடலில் இறகு இல்லை, உரோமமே உண்டு. நீண்ட விரல்களுக்கிடையே விரிந்த தோல் மென்சவ்வே அதன் சிறகு.

பூச்சியுண்ணும் வௌவால் கழியொலியை எழுப்பி, எதிரொலியைக் கேட்டு இரை தேடும். பழந்தின்னியோ பெரிய கண்களாலும் மோப்பத்தாலும் உணவைக் கண்டறிகிறது. "வௌவாலுக்குக் கண் தெரியாது" என்பது பிழையான கூற்று.

வௌவால் வாயால் மலங்கழிக்கும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இக்கதைக்கும் ஒரு காரணம் உண்டு. இது பழத்தை மென்று சாற்றை விழுங்கிவிட்டு, நாரைச் சக்கையாகத் துப்பிவிடும். மரத்தடியில் கிடக்கும் அந்தச் சக்கையைப் பார்த்தே அப்படிச் சொன்னார்கள். உண்மையில், கழிவகற்றும்போது பெருவிரல் நகங்களால் கிளையைப் பற்றி உடலை நிமிர்த்திக்கொள்ளும். தன்மீது அழுக்குப் படாதிருக்க எவ்வளவு கவனம் பாருங்கள்!

ஆல், அத்தி போன்றவற்றின் சிறு வித்துக்கள் சக்கையோடும் எச்சத்தோடும் தொலைவில் விழுந்து முளைக்கின்றன. இலுப்பை வித்து பெரியது. அதனை விழுங்காது, பழத்தை வேறு மரத்துக்குக் கொண்டுபோய்த் தின்று வித்தைக் கீழே போடும். இலவம் பூவில் தேன் குடிக்கையில் மகரந்தச்சேர்க்கையும் நடைபெறுகிறது. வித்துப் பரம்பல், மகரந்தச்சேர்க்கை ஆகிய இரண்டையும் எழுதினாலே விடை முழுமையாகும்.

மாவும் கொய்யாவும் தின்பதால் இவற்றைக் கொல்வோரும் உளர். தாய் வழமையாக ஆண்டுக்கு ஒரு குட்டியே ஈனும். எலிபோல் விரைவில் பெருகாத விலங்கு ஆதலால், குறைந்த கூட்டம் மீள நெடுங்காலம் எடுக்கும். பழத்துக்கு வலை கட்டுவோர் இழை இறுக்கமான வலையைப் பயன்படுத்தினால் வௌவால் சிக்கி இறப்பது குறையும். வௌவால் கடித்த பழத்தை உண்ணக்கூடாது. 2018இல் கேரளாவில் நிபா வைரசு பரவியபோது அங்கும் இதே அறிவுரையே வழங்கப்பட்டது.

மாதிரி வினா: மின்கம்பியில் அமரும் காகம் இறப்பதில்லை, பழந்தின்னி வௌவால் இறப்பது ஏன்?

விடை: காகம் ஒரு கம்பியை மட்டும் தொடுவதால் அதன் உடலூடாகச் சுற்று பூர்த்தியாவதில்லை. வௌவாலின் சிறகு அகலமானது. அது ஒரே நேரத்தில் இரு கம்பிகளைத் தொடும்போது உடலூடாக மின்னோட்டம் பாய்கிறது. பறக்கும் தாயின் மார்பைப் பற்றியிருக்கும் குட்டியும் அதனோடு மடிவதுண்டு.