ஏரிக்கரையும் குடைவரையும்: சீயமங்கலத்தில் சிறுவரோடு கோடை நடை

செஞ்சிக்கு வடக்கே, தேசூரை அடுத்துள்ள சீயமங்கலம், திருவண்ணாமலை மாவட்டத்தின் வந்தவாசி வட்டத்தைச் சேர்ந்த சிற்றூராகும். ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள செஞ்சியின் இராசகிரிக் கோட்டை சிறு பிள்ளைகளின் கால்களுக்குக் கடினமானது. சீயமங்கலத்திலோ ஏரியும் பாறைக்குன்றும் பல்லவர் குடைவரையும் அருகருகே அமைந்திருப்பதால், ஒரே காலைப்பொழுதில் ஏரியையும் குடைவரையையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, குன்றில் மறுநாள் ஏற முடியும். பிள்ளைகளோடு செல்லும் நடைக்குத் தொலைவு அளவுகோல் ஆகாது. வெயிலும் பிள்ளையின் காலடி வேகமுமே அளவுகோல். கீழ்க்காணும் படிமுறை அதையே அடிப்படையாகக் கொண்டது.

1. பொழுதைத் தேர்தல்

பள்ளி விடுமுறையின் நடுவில், மே மாதத் தொடக்கத்திலிருந்து இறுதி வாரம் வரை, அக்னி நட்சத்திரம் எனப்படும் கத்திரி வெயில் காய்கிறது. ஆதலால் காலை 6 மணிக்கு நடையைத் தொடங்கி 8:30 மணிக்குள் நிழலுக்குத் திரும்பிவிட வேண்டும். மாலையானால் 4:30 மணிக்குப் பிறகே புறப்பட வேண்டும். இடைப்பட்ட நேரம் உணவுக்கும் உறக்கத்துக்கும் கதைக்கும் உரியது. விடுமுறையின் முதல் வாரங்களிலேயே சென்று வருவது இன்னும் நன்று.

2. பையை ஆயத்தம் செய்தல்

ஆளுக்கு ஒரு தண்ணீர்ப் புட்டி, பருத்தித் தொப்பி, ஈரத்துண்டு, கைவிளக்கு, தடித்த அடியுள்ள காலணி ஆகியவை இன்றியமையாதவை. கரையோரங்களில் உதிர்ந்து கிடக்கும் சீமைக்கருவேல முள் மெல்லிய செருப்பைத் துளைத்துவிடும். வெயிலில் விரைவில் கெடாத புளிச்சோறு, வெள்ளரிப்பிஞ்சு, கடலைமிட்டாய் ஆகியவற்றோடு, மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்றையும் வைத்துக்கொள்ள வேண்டும். பனைகள் நிறைந்த இப்பகுதியில் கோடையில் நுங்கு வெட்டி விற்கப்படுவதால், இளநுங்கைப் பிள்ளைகளுக்கு அங்கேயே வாங்கித் தரலாம்.

3. கரையில் நடத்தல்

ஏரி என்பது சரிவில் ஓடிவரும் மழைநீரை மண்கரை எழுப்பித் தடுத்துத் தேக்கிய நீர்நிலை. கரையின் மேற்புறம் பெரும்பாலும் மட்டமாக இருப்பதால், ஏற்ற இறக்கமின்றி நடக்க அதுவே ஏற்ற வழியாகிறது. ஆனால் ஒன்றை மறத்தல் ஆகாது: கரையை ஒட்டிய பகுதி, அதிலும் பாசனத்துக்கு நீர் திறந்துவிடும் வாயிலான மதகின் அருகே உள்ள பகுதி, ஏரியிலேயே ஆழம் மிகுந்தது. கரைக்கு எதிரே, நீர் வந்து சேரும் நீர்ப்பிடிப்புப் பக்கம் ஆழம் குறைந்து சேறு மிகுந்தது. எனவே நீர் உள்ள காலத்தில் கரையின் உட்சரிவில் பிள்ளைகளை இறங்கவிடக் கூடாது. பெரியவர் ஒருவர் எப்போதும் நீருக்கும் பிள்ளைக்கும் இடையே நடக்க வேண்டும்.

நீர் வற்றிய ஏரியும் காணத்தக்கதே. வெடித்த வண்டலின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தல், கொக்கின் கால்தடத்தைப் பின்தொடர்தல், மிகைநீர் வழிந்தோடக் கட்டப்பட்ட கலிங்கின் கல்வரிசையை எண்ணுதல் ஆகியவை பிள்ளைகளை நெடுநேரம் ஈர்த்து வைப்பன. வண்டல் அள்ளிய குழிகளின் ஓரம் சரியக்கூடும் என்பதால் அவற்றிலிருந்து விலகி நடப்பதும், தேள் இருக்கக்கூடும் என்பதால் கற்களைக் கையால் புரட்டாமல் இருப்பதும் அவசியம்.

4. குடைவரையில் இளைப்பாறுதல்

வெயில் ஏறத் தொடங்கும்போது, குடைவரையான தூணாண்டார் கோயிலின் நிழலை அடைய வேண்டும். குடைவரை என்பது கல்லை அடுக்கிக் கட்டாமல், பாறையைக் குடைந்தே உருவாக்கிய கோயிலாகும். 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் இக்கோயிலைக் குடைவித்து, அவனிபாஜன பல்லவேசுவரம் எனப் பெயரிட்டதை இங்குள்ள வடமொழிக் கல்வெட்டு தெரிவிக்கிறது. அடியிலும் தலையிலும் சதுரமாகவும் நடுவில் எட்டுப் பட்டைகளாகவும் அமைந்த தூண், பல்லவக் குடைவரைகளின் அடையாளமாகும். அதன் பட்டைகளைப் பிள்ளைகள் தாங்களே எண்ணிப் பார்க்கட்டும். ஒரு காலைத் தூக்கி ஆடும் சிவனின் சிறு புடைப்புச் சிற்பம், தமிழகத்தில் கல்லில் வடித்த ஆடல்வல்லான் உருவங்களுள் மிகப் பழையவற்றில் ஒன்றாகக் கருதப்படுகிறது. அதனைக் காட்டும்போது பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொள்ளலாம். சிற்பத்தைத் தொடவோ கீறவோ கூடாது என்பதையும் அப்போதே பழக்கிவிட வேண்டும். கோயில் திறந்திருக்கும் நேரத்தை ஊராரிடம் முன்னரே கேட்டறிந்து செல்வது நல்லது.

5. குன்றை அடுத்த நாளுக்கு ஒதுக்குதல்

ஊரின் பாறைக்குன்றில் மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி ஆகியோரின் சமணச் சிற்பங்கள் உள்ளன. 9ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த கங்க மன்னன் இராசமல்லனின் கல்வெட்டும் அங்கே உண்டு. ஏரிக்கரை நடையையும் குன்றேற்றத்தையும் ஒரே நாளில் சேர்த்தால் பிள்ளைகள் சோர்ந்துவிடுவர். குன்றேறும் நாளில், அமரும் முன் பெரியவர் தம் புறங்கையைப் பாறைமீது சில நொடிகள் வைத்துப் பார்க்க வேண்டும். கை பொறுக்காத சூட்டைப் பிள்ளையின் தோல் பொறுக்காது. பாறை அவ்வளவு சுட்டால் உடனே இறங்கிவிடுவதே முறை.

6. சோர்வை முன்னுணர்தல்

பிள்ளை பேச்சைக் குறைத்து முகம் சிவந்து நடை தளர்ந்தால், நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, ஈரத்துண்டால் உடலைத் துடைத்து, உப்புச் சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். உடல் கொதித்து நினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றாமல், உடலைக் குளிர்வித்துக்கொண்டே 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.

நடையைப் பிள்ளை விரும்பும்போதே முடித்துக்கொள்ள வேண்டும். களைத்து அழுத பிறகு முடித்தால், மறுமுறை புறப்பட அது தயங்கும். கொண்டுவந்த நெகிழிப் பைகளை ஏரியில் விடாமல் எடுத்துச் செல்வதும் நடையின் பகுதியே. வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பிய பின், பொங்கல் விடுமுறையில் அதே கரையில் மீண்டும் நடந்தால், கோடையில் தாங்கள் எண்ணிய கலிங்குக் கற்கள் எதற்காக வைக்கப்பட்டன என்பதைப் பிள்ளைகள் தாமே அறிந்துகொள்வர்.