குடலிறக்கம்: எப்போது ஆஸ்பத்திரிக்குப் போகணும்?

நெல் மூட்டை தூக்கும்போதும் பலமாக இருமும்போதும் தொடை இடுக்கிலோ தொப்புள் பக்கத்திலோ ஒரு புடைப்பு வருதா? படுத்தால் உள்ளே போயிடுதா? 'வாயுதான்'னு விட்டுடாதீங்க. அது ஹெர்னியா எனப்படும் குடலிறக்கமாக இருக்கலாம்.

ஏன் வருகிறது?
வயிற்றுத் தசை பலவீனமான இடத்தில் கொழுப்போ குடலோ வெளியே தள்ளுகிறது. தொடர் இருமல், மலச்சிக்கல், அதிக பாரம் தூக்குவது ஆகியவை இதை அதிகமாக்கும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்கூட வரும்.

மாத்திரை போதுமா?
போதாது. பெல்ட் தாங்கிப் பிடிக்குமே தவிர, குணமாக்காது. அறுவை சிகிச்சையில் குடலை உள்ளே தள்ளி, பலவீனமான இடத்தைத் தைத்தோ வலை வைத்தோ பலப்படுத்துவார்கள். வலியில்லாத சிறிய புடைப்பு என்றால் காத்திருக்கலாமா என்பதை டாக்டர் சொல்வார்.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்
• புடைப்பு உள்ளே போகாமல் கல் மாதிரி இறுகுவது
• திடீர் கடும் வலி, தோல் சிவப்பது அல்லது கருப்பது
• வாந்தி, வயிறு உப்பல், மலமோ காற்றோ பிரியாதது

இவற்றில் எது வந்தாலும், சிக்கிய குடலுக்கு ரத்த ஓட்டம் நின்று அது அழுகலாம். அமுக்கிப் பார்க்காதீங்க, எதுவும் சாப்பிடாதீங்க. 108-ஐ அழையுங்கள்.

எங்கே போவது?
அவசரம் இல்லையென்றால் முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். கீரப்பாளையம் பகுதியினருக்கு, அறுவை சிகிச்சைக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துட்டுப் போங்க. சந்தேகங்களுக்கு 104-ல் கேட்கலாம்.

அறுவடை முடியட்டும்னு தள்ளிப்போடாமல், இந்த வாரமே ஒருமுறை காட்டிடுங்க.